சாய்ந்த சிவப்புக் கோடு

பேராசிரியர் இருந்தார். நாற்காலியில் உட்காராமல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். டீச்சர் இருந்தார். பாதி நனைந்த குடை இன்னும் கையில் இருந்தது. மெஷின் ஆப்பரேட்டர் இருந்தார். மெஷினுக்குக் கார்டில் ஓட்டை குத்தும் அக்கா இருந்தார். நான் இருந்தேன், கதவோரம்.

ஐந்து பேர். அதில் மூன்று பேருக்கு விஷயம் தெரியும். தெரியாத இரண்டு பேரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்க மேசைக்கு அடியில ஒரு கட்டு இருந்தது. துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். எடுத்தது யாரு?" என்றார் டீச்சர்.

அக்கா என்னைப் பார்த்தார். ஆப்பரேட்டர் சுவரைப் பார்த்தார். வெளியே மழை. ஜூன் மாசம் திருவனந்தபுரத்தில் மழை நிற்காது.

நான் அப்போது பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் நிலையத்தில் அட்டெண்டர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டம் வழி. வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கும் காகிதம் பேராசிரியர் மேசையில் மூன்று மாசமாகக் கிடந்தது.

டீச்சர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். கணக்கு வாத்தியார். டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "பூட்டு" என்றார். பிறகு ஒருநாள் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஒரு சேதியை எண்ணாக மாற்றுவது. அந்த எண்ணோடு வேறு எண்களைக் கூட்டி அனுப்புவது. கூட்டிய எண் என்னவென்று தெரிந்தவர் கழித்துப் படித்துக்கொள்வார். தெரியாதவருக்கு அது வெறும் எண். அந்தக் கூட்டும் எண்தான் சாவி. அடுத்தது இதுதான் வரும் என்று யாரும் யூகிக்கக் கூடாத சாவி எண்களை மெஷினில் செய்யும் வழியை டீச்சர் கண்டுபிடித்திருந்தார். அது சரியா என்று ஒரு வருஷம் சோதிக்க வேண்டும். இவர் இங்கிருந்து மெட்ராஸில் ஒருவருக்குத் தந்தி அடிப்பார். அதன் நகல் பம்பாயில் மூன்று பேருக்குப் போகும். அந்த மூன்று பேரும் உடைக்கப் பார்ப்பார்கள். அவர்களால் முடியாவிட்டால் பட்டம்.

சாவி அச்சடித்த தாள் இரண்டே பிரதி. ஒன்று மெட்ராஸில், ஒன்று இங்கே. வேறு கண் எதுவும் அதைப் பார்க்கக் கூடாது. ஒரு தந்திக்கு ஒரு தாள். முடிந்ததும் கொளுத்திவிட வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தத் தாள்களைச் செய்ய எட்டு மாசம் ஆயிற்று. டீச்சருக்கு மெஷின் சனிக்கிழமைதான் கிடைக்கும். சோதனை அடுத்த வாரம் தொடங்க வேண்டும். பட்டத்துக்கான பதிவுக்காலத்தை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டி வாங்கியிருந்தார். இரண்டாவது தடவை தருவார்களா என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கதவோரம் நின்றேன்.

"நான்தான் டீச்சரே எடுத்தது" என்றேன்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "எடோ, தான் எந்தா செய்தது? எவிடெ கொண்டுபோயி?"

"பிள்ளையளுக்குப் பொஸ்தகத்துக்கு அட்டை போட, சாரே."

அக்கா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்.

நடந்தது இது. மெஷின் அச்சடித்துத் தள்ளும் தாளில் பாதி கழிவு. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. நல்ல கனமான தாள். கழிவுக் கட்டின் பக்கவாட்டில் ஆப்பரேட்டர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் கழிவு. டீச்சர் மேசைக்கு அடியில் போட்டு வைப்போம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் அதைப் பங்கு வைப்பேன். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வருஷம் அட்டை அதுதான். நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே உள்ள வழக்கம்.

டீச்சர் கட்டிலும் சிவப்புக் கோடு இருந்தது. ஆனால் அது சாய்வாக இருந்தது. மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை. கார்டு கட்டுகளில் அக்கா அப்படித்தான் இழுப்பார். ஒரு கார்டு இடம் மாறினாலோ காணாமல் போனாலோ கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். டீச்சர் அந்த வித்தையைத் தாளுக்கும் செய்திருந்தார். யாராவது ஒரு தாளை உருவினால் தெரிய வேண்டும் என்று. நான் முழுக் கட்டையும் எடுத்தேன். கோடு உடையவில்லை.

வெள்ளிக்கிழமை இரும்பு அலமாரியின் பூட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை. திங்கள் ஆள் வரும்வரை டீச்சர் கட்டை மேசைக்கு அடியில் வைத்தார். சாயந்தரம் நான் துணியை நீக்கிப் பார்த்தேன். சிவப்புக் கோடு. நேரா சாய்வா என்று பார்க்கத் தோன்றவில்லை.

டீச்சர் குடையைக் கீழே வைத்தார். "எத்தனை பேருக்குக் குடுத்தேள்?"

"நாலு வீடு."

"எத்தனை எத்தனைன்னு சொல்லுங்கோ."

ஆப்பரேட்டருக்கு முப்பது. அக்காவுக்கு இருபத்து நாலு. காண்டீனில் டீ போடுகிறவருக்கு இருபது. மிச்சம் இருபத்திரண்டு என் வீட்டில். பங்கு வைக்கும்போது எண்ணித்தான் வைப்பேன். டீச்சர் விரலால் கூட்டினார். தொண்ணூற்றாறு. கணக்கு சரி.

"பொறுக்கிண்டு வாங்கோ" என்றார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ. ரகசியம்னு மட்டும் சொல்லிடாதேங்கோ. சொன்னா எல்லாரும் எடுத்துப் பாப்பா."

"பின்ன என்ன சொல்ல?"

"அச்சுத் தப்புன்னு சொல்லுங்கோ. ஆபீஸ்ல கேக்கறான்னு சொல்லுங்கோ."

பேராசிரியர் மேசையிலிருந்த என் காகிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

அன்று சாயந்தரம் சாலைக் கடைவீதியில் பழுப்புக் காகிதம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு கரமனைக்குப் போனேன். அங்கேதான் எங்கள் வாடகை வீடு. மகள்கள் இரண்டு பேர். ஒன்பது புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தார்கள். மிச்சம் பதின்மூன்று தாள் பாய்க்கு அடியில். மூத்தவள் அழவில்லை. சின்னவள் பூகோளப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது கம்ப்யூட்டர் அட்டை. கிளாஸ்ல எனக்க கிட்ட மட்டும்தான் இருக்கு."

"தா மக்களே. வேற போட்டுத் தாறேன்."

"இது நல்லா இருக்கே."

"நல்லா இருக்கதுனாலதான் கேக்காவ."

கொடுத்தாள். இருபத்திரண்டும் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேட்டர் வீடு. அவர் மனைவி நாகர்கோவில்காரர். வாசலில் நின்று சிரித்தார்.

"அண்ணாச்சி, பொஸ்தகத்துக்க சட்டைய உரியதுக்கா வந்திய? எங்க வீட்டாளு ராத்திரி வந்ததுலேருந்து மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்காரு. அப்பிடி என்ன இருக்கு இதுல? லாட்டரி நம்பரா?"

"லாட்டரி நம்பருன்னா நான் திருப்பிக் கேப்பனா? அச்சுத் தப்பு."

"தப்பான கடலாசு கேட்டு ஆபீஸ்ல ஆள் அனுப்புதான். நல்ல கடலாசு குடுத்தா என்ன செய்வானோ."

முப்பதும் கிடைத்தது. சிலதில் ஓரம் வெட்டியிருந்தார்கள். வெட்டிய துண்டையும் குப்பைக் கூடையில் தேடி எடுத்தேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேடியது அதிகமாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. டீச்சர் சொன்னது இதைத்தான்.

அக்கா தன் தாள்களை அவரே கொண்டுவந்துவிட்டார். இருபத்து நாலு. தங்கச்சி பிள்ளைகளிடமிருந்து பிடுங்கினாராம். எண்ணிக் கொடுத்துவிட்டு, "எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல்ல" என்றார். "நீரு சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல்ல."

"சொல்லியிருப்பிய" என்றேன்.

"தெரியல்ல."

காண்டீன்காரர் வீடு விதுரைப் பக்கம். அவர் சனிக்கிழமையே தாளைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டார். புதன்கிழமை நெடுமங்காடு வழியாக பஸ்ஸில் போனேன். மழையில் பஸ் ஊர்ந்தது. கையில் பிளாஸ்டிக் பை. தாள் நனையக் கூடாது. அந்தப் பயம் ஒன்று. பிள்ளைகள் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால்? அது ஒன்று. வாத்தியார் எவராவது அதை எடுத்துப் படித்திருந்தால்? பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

தங்கை கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதென்ன அண்ணே, பொன்னுல செஞ்ச கடலாசா? இம்புட்டு தூரம் வந்திருக்கிய. கேறி இரியுங்க, சாயா குடியுங்க."

"முதல்ல தாளைத் தாங்க."

பத்தொன்பது வந்தது. மூன்று தடவை எண்ணினேன். பத்தொன்பது. தாளின் தலைப்பில் ஒன்று முதல் தொண்ணூற்றாறு வரை எண் போட்டிருக்கும். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் நாற்பத்தொன்று இல்லை.

"இன்னொண்ணு உண்டு" என்றேன்.

"இல்லியே. எல்லாம் தந்தாச்சு."

"உண்டு. பாருங்க."

வீடு முழுக்கத் தேடினார்கள். அரிசிப் பானைக்குக் கீழே, அலமாரித் தட்டில், அடுக்களையில். பசங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சாயா ஆறிப்போயிற்று. கடைசி பஸ் ஆறு மணிக்கு. நாலரைக்குப் பெரிய பெண் வந்தாள். அம்மா கேட்டதும் சுவரைக் காட்டினாள்.

எனக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டு மணி நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளைப் பக்கத்தில் பள்ளிக்கூட நேர அட்டவணை எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள். எண்கள் சுவர்ப் பக்கம்.

தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தேன். நாலு துண்டாக வந்தது. பெண் ஓரமாக நின்று பார்த்தாள். பழுப்புக் காகிதத்தில் அதே அட்டவணையை நான் எழுதிக் கொடுத்தேன். மலையாளத்தில் எழுத்துத் தப்பிருக்கிறது என்று சொன்னாள்.

வியாழக்கிழமை காலை தொண்ணூற்றாறையும் மேசையில் வைத்தேன். டீச்சர் அடுக்கினார். மடிப்பை நீவி, எண் வரிசைப்படி. ஓரங்கள் சேரச் சேரச் சிவப்புப் புள்ளிகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்ந்தன. கோடு வந்தது. வெட்டிய இடத்தில் விட்டு விட்டு, ஆனாலும் மூலையிலிருந்து மூலைக்கு.

பேராசிரியர் வந்து பார்த்தார். முகம் இளகியது. "எல்லாம் கிட்டியல்லோ. பின்னெ எந்தா? ஆரும் அறிஞ்சில்ல. திங்களாழ்ச்ச தொடங்ஙிக்கோ."

டீச்சர் என்னைக் கேட்டார். "யாராவது படிச்சாளா? காப்பி எடுத்தாளா?"

"இல்ல டீச்சரே. பிள்ளைய. எண்ணப் போய் ஆரு படிக்கா?"

அவர் தலையாட்டினார். கட்டைக் கயிற்றால் கட்டினார். பூட்டுக்காரன் அலமாரியைச் சரிசெய்திருந்தான். உள்ளே வைத்துப் பூட்டினார். பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து என் காகிதத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தார். நான் பார்க்கும்படியாகத்தான் வைத்தார்.

நாலு நாளில் அன்றுதான் பசித்தது.

சாயந்தரம் வீட்டுக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கி வராந்தாவில் சின்னவளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கயிறு சுழற்றிச் சாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சாட, மற்றவள் வாயால் தாளம் போட வேண்டும்.

"ஏழு நாலு ஒந்நு ஒந்நு ஒம்பது, ரெண்டு பூஜ்ஜியம் ஆறு எட்டு மூணு…"

செருப்பைக் கழற்றிய கால் அப்படியே நின்றது.

"மக்களே, என்ன பாட்டு இது?"

"பாட்டு இல்லப்பா. பூகோளத்துக்க அட்டையில மேல இருந்த வரி. கிளாஸ்ல டீச்சர் பேசும்போ நான் அதப் பாத்துட்டே இருப்பேன். திங்களாழ்ச்ச முழுதும் பாத்தேன். இப்போ எங்க பெஞ்சுல நாலு பேருக்கும் தெரியும்."

"முழு வரியுமா?"

"முழுசும். சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன்.

தாள் எங்களிடம்தான் இருந்தது. அலமாரியில், பூட்டுக்குள். வரி வராந்தாவில் சாடிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருக்கலாம். பம்பாயில் இருப்பவர்களுக்குக் கரமனையில் கயிறு சாடும் பெண்ணை எப்படித் தெரியும். தெரியாது. ஒரு வரிதானே. தொண்ணூற்றாறு தாளில் ஒரு தாளில் ஒரு வரி. இதையே மாற்றி மாற்றி நினைத்தேன். என் காகிதம் மேசைமேல் இருப்பதையும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்ததும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "எந்தத் தாள்?"

"தெரியாது. மேல் வரி ஏழு நாலு ஒண்ணு ஒண்ணு ஒம்பதுன்னு தொடங்கும்."

அலமாரியைத் திறந்து தேடினார். பதினேழாம் தாள். விரலை வரியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ" என்றார். நான் கேட்டதைச் சொன்னேன். எனக்குப் பாதி வரிதான் வந்தது. அது போதுமாக இருந்தது.

பேராசிரியரைக் கூப்பிட்டார். அவர் கேட்டுவிட்டு, "அந்த ஒரு தாளை மாற்றியால் மதி" என்றார். ஒன்றை மாற்றினால் போதுமாம்.

"சார், இந்தத் தாள்ல ஒரு குழந்தை ஒரு வரியை மனப்பாடம் பண்ணியிருக்கு. நல்ல வேளை, சத்தம் போட்டுச் சொன்னதால தெரிஞ்சுது. மத்த தொண்ணூத்தஞ்சுலயும் யாரும் பண்ணலைன்னு நான் எப்படி எழுதறது? பம்பாய்ல மூணு பேர் ஒரு வருஷம் உக்காந்து பாக்கப் போறா. உடைக்க முடியலைன்னா சாவி நன்னாயிருந்ததாலன்னு நான் சொல்லணும். உடைச்சுட்டான்னா? சாவி மோசமா, கரமனைல யாரோ சொன்னாளா? எனக்கே தெரியாது."

"தன்றெ ரெஜிஸ்ட்ரேஷன்?"

"கேட்டுப் பாக்கணும்."

"தந்நில்லெங்கிலோ?"

டீச்சர் குடையை எடுத்து மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

அறிக்கையில் என் பேர் வருமென்று நினைத்தேன். அவர் எழுதியதை அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். "கழிவு வைக்கும் இடத்தில் கட்டை வைத்தது நான்" என்று இருந்தது. நான் போய், "எடுத்தது நானாக்கும் டீச்சரே" என்றேன். "அதையும் அடுத்த வரில எழுதியிருக்கேன்" என்றார். எழுதித்தான் இருந்தார். அட்டெண்டர் எடுத்தார், கேட்ட உடனே சொன்னார் என்று.

தாள்களைக் கட்டடத்துக்குப் பின்னால் கொளுத்தினோம். ஈரக் காற்றில் சீக்கிரம் பிடிக்கவில்லை. விதுரையிலிருந்து வந்த நாலு துண்டும் பசை காய்ந்து விறைத்திருந்தது. அது கடைசியாக எரிந்தது.

நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டு இரண்டரை மாசம் பதில் இல்லை. அந்த இரண்டரை மாசமும் தபால் கட்டை நான்தான் வாங்கி வருவேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இங்கிலீஷ் முழுசாகப் படிக்க வராது. டீச்சர் பேரின் எழுத்து மட்டும் தெரியும். பதிலுக்குக் காத்திராமல் டீச்சர் சனிக்கிழமைகளில் புதுச் சாவி செய்யத் தொடங்கியிருந்தார். யாராவது கேட்டால், "தரலைன்னா அப்போ நிறுத்திக்கலாம்" என்பார்.

தந்தார்கள். கடைசித் தடவை என்று எழுதித் தந்தார்கள்.

என் காகிதமும் அந்த வருஷக் கடைசியில் கையெழுத்தாகி மேலே போயிற்று. பேராசிரியர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

புதுக் கட்டும் தொண்ணூற்றாறு. இந்தத் தடவை கோடு பச்சை. அட்டைக்குத் தாள் கொடுக்கும் வழக்கம் நின்றது. காண்டீன்காரர் ஒரு ஜூனில் கேட்டார். "அண்ணே, இந்த வருசம் பொஸ்தகத்துக்குச் சட்டை இல்லியா?" நான் சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

காலையில் டீச்சர் அலமாரியைத் திறப்பார். தாளைத் திருப்பாமல், முதுகுப் பக்கம் மேலாக வைத்து நான் எண்ணுவேன். சாயந்தரமும் எண்ணுவேன். தந்தி அடிக்கும் நாளில் பாளையத்துத் தந்தி ஆபீஸுக்கு நான்தான் போவேன். குமாஸ்தா எண்களைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஓணம் பம்பர் லாட்டரி அடிச்சா எனக்கும் ஒரு பங்கு" என்பார். ஒரு நாளும் சொல்ல மறக்கமாட்டார். நான் திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் கொளுத்துவோம். சாம்பலை நான் கிளறிவிடுவேன்.

எண்பத்தைந்து தந்தி போயிற்று. தொண்ணூற்றாறில் எண்பத்தைந்து தாள் எரிந்தது. பம்பாயிலிருந்து கடிதம் வந்தது, ஒன்றும் உடைக்க முடியவில்லை என்று.

கடைசியில் வெளியூரிலிருந்து பரிசோதகர் வந்தார். வயசானவர், காதில் முடி. எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, மிச்சத் தாள் எங்கே என்றார். டீச்சர் அலமாரியைத் திறந்தார். பரிசோதகர் கையை நீட்டினார்.

"நீங்க வேண்டாம் சார். பாக்கப்படாது" என்றார் டீச்சர். "இவர் எண்ணுவார்."

காலையில் எண்ணியதுதான். ஆனாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். முதுகுப் பக்கம் மேலாக வைத்தேன். ஓரம் ஓரமாகப் பிரித்து எண்ணினேன். ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டியிருக்குமோ என்று மறுபடியும் எண்ணினேன்.

"எத்தனை?" என்றார் பரிசோதகர்.

"பதினொண்ணு."